பரம்பரையாக வரும் நோய், பிடிகொடுக்காத மரபணு

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லங்காஸ்டர் என்றொரு வேளாண் வட்டாரம் இருக்கிறது. அங்கு வாழும் ஆமிஷ் மக்கள் கார் வைத்துக்கொள்வதில்லை. வீட்டுக்கு மின்கம்பி இழுப்பதில்லை. அன்றாடப் போக்குவரத்துக்குக் குதிரை வண்டிதான். 1970களில் ஜேனிஸ் எகலண்ட் என்ற சமூகவியலாளர் அவர்களிடையே இருமுனைக் கோளாறு பற்றிய ஆய்வைத் தொடங்கினார். மருத்துவர்கள் பைபோலார் என்று சொல்லும் இந்த நோயில் மனநிலை இரண்டு எல்லைகளுக்கும் போய்வரும். ஒரு பக்கம், வாரக்கணக்கில் எழவிடாமல் படுக்கையில் தள்ளும் மனச்சோர்வு. மறுபக்கம் மேனியா: தூக்கமே வேண்டியிருக்காது, பேச்சு நிற்காது, பணம் தண்ணீராய்ச் செலவாகும், தன்னால் ஆகாதது எதுவுமில்லை என்ற நினைப்பு தலைக்கேறும்.

நகரத்து மருத்துவர்கள் மேனியாவுக்குச் சொல்லும் அடையாளங்கள் ஆமிஷ் ஊர்களுக்குப் பொருந்தவில்லை. எகலண்டும் அவருடன் பணியாற்றியவர்களும் அந்த மக்களுக்கே உரிய அடையாளங்களை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார்கள். குதிரை வண்டியைக் கண்மண் தெரியாமல் விரட்டுவது, பொதுத் தொலைபேசியை ஓயாமல் பயன்படுத்துவது, சமூகம் விலக்கிய பகட்டுப் பொருளை வாங்குவது, மணமானவரோடு எல்லை மீறிச் சிரித்துப் பேசுவது, பருவம் தவறி ஊர்சுற்றத் திட்டம் போடுவது. வெளியாருக்கு இவை அற்பமாகத் தெரியலாம். அந்த ஊரில் இவை கடும் நோயின் அறிகுறிகள். பழைய மருத்துவமனைக் கோப்புகளைப் புரட்டியபோது, இருமுனைக் கோளாறு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஸ்கிசோஃப்ரினியா என்று எழுதி வைத்திருந்தது தெரியவந்தது. நோயாளி யார் என்பதை மறைத்த கோப்புகளை மனநல மருத்துவர் குழு ஒன்று படித்துப் பார்த்து முடிவு சொன்ன பிறகே ஒருவர் பட்டியலில் சேர்க்கப்பட்டார். மரபணு ஆய்வுக்கு இதுதான் அஸ்திவாரம். யாருக்கு நோய், யாருக்கு இல்லை என்று பிரிப்பதில் பிசகினால், அதன் பிறகு எவ்வளவு நுட்பமான கருவியைக் கொண்டுவந்தாலும் பயனில்லை.

மரபியலாளருக்கு ஆமிஷ் மக்களைப் போல வாய்ப்பான சமூகம் அமைவது அரிது. ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய ஒரு சிறு கூட்டத்தின் வழித்தோன்றல்கள் அவர்கள். யாருக்கு யார் பிறந்தார் என்று தலைமுறை தலைமுறையாக எழுதிவைத்த ஏடுகள் உண்டு. குடும்பத்துக்கு ஏழெட்டுப் பிள்ளைகள். குடியும் போதையும் மிகக் குறைவு என்பதால் அவற்றால் வரும் தடுமாற்றத்தை மனநோயோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. 1880 முதல் 1980 வரையிலான நூறு ஆண்டுகளில் அந்தச் சமூகத்தில் நடந்த தற்கொலைகள் 26. அவற்றில் ஏறத்தாழ முக்கால் பங்கு நான்கே குடும்பங்களில் நடந்தவை. இறந்தவர்களில் 24 பேருக்குப் பெரும் மனநிலை நோய் இருந்திருக்கிறது. நோய் இரத்தத்திலேயே இருக்கிறது என்று ஆமிஷ் பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருந்ததற்கு எண்கள் துணைக்கு வந்தன.

1987 பிப்ரவரியில் நேச்சர் இதழில் அந்தக் கட்டுரை வந்தது. ஆமிஷ் குடும்பம் ஒன்றின் கிளைகளைச் சேர்ந்த 81 பேரின் இரத்தம் சோதிக்கப்பட்டிருந்தது. அவர்களில் 19 பேர் நோயுற்றவர்கள். 11ஆம் குரோமோசோமின் குட்டைக் கையின் நுனியில் இரண்டு அடையாளப் புள்ளிகள் நோயோடு சேர்ந்தே தலைமுறை இறங்கிவருவதாகக் கணக்கு காட்டியது. தற்செயலாக இப்படி அமைய ஆயிரத்தில் ஒரு வாய்ப்புக்கும் குறைவு. மேலும், அதே இடத்துக்கு அருகில்தான் டோபமின் தயாரிப்புக்கு வேண்டிய ஒரு நொதியின் மரபணு இருந்தது. மூளையில் உற்சாகத்தோடும் வேகத்தோடும் தொடர்புள்ள வேதிப்பொருள் டோபமின். எல்லாம் பொருந்திவந்தது. மனநோய்க்கான மரபணு பிடிபட்டது என்று செய்தித்தாள்கள் முதல் பக்கத்தில் எழுதின.

அதே இதழின் அடுத்தடுத்த பக்கங்களில் இன்னும் இரண்டு கட்டுரைகள் இருந்தன. ஐஸ்லாந்துக் குடும்பங்களிலும் வேறு அமெரிக்கக் குடும்பங்களிலும் 11ஆம் குரோமோசோமுக்கும் நோய்க்கும் தொடர்பில்லை என்றன அவை. அவற்றைப் பேசியவர்கள் குறைவு.

இரண்டே ஆண்டுகளில் கட்டடம் சரிந்தது. 81 பேரில், நோயில்லாதவர்கள் என்று கணக்கில் எடுத்துக்கொண்ட இருவர் அதற்குள் நோயுற்றார்கள். அவர்களிடம் அந்த 11ஆம் குரோமோசோம் அடையாளம் இல்லை. அதே குடும்பத்தின் இன்னொரு கிளையைச் சேர்த்தபோது கணக்கு இன்னும் தேய்ந்தது. 1989இல் ஜான் கெல்சோ முதல் ஆசிரியராக வெளியான மறு ஆய்வு, 11ஆம் குரோமோசோமின் அந்தப் பகுதியை விலக்கியே விட்டது. எகலண்டும் அதில் ஓர் ஆசிரியர். உலகப் புகழ் தந்த முடிவைத் தானே முன்வந்து திருத்தும் நேர்மை எல்லாத் துறையிலும் எளிதாகக் கிடைப்பதில்லை. இஸ்ரேல் குடும்பங்களில் எக்ஸ் குரோமோசோமைச் சுட்டிக்காட்டிய இன்னொரு 1987 முடிவும் சில ஆண்டுகளில் வலுவிழந்தது.

தவறு எங்கே என்றால், ஆய்வாளர்களின் கையில் இல்லை. எதிர்பார்ப்பில் இருந்தது. ஹண்டிங்டன் நோயின் மரபணு எங்கே இருக்கிறது என்று 1983இல் கண்டிருந்தார்கள். ஒரு மரபணு, ஒரு பிழை, ஒரு நோய் என்பது அங்கே அப்படியே நடந்தது. குடும்பம் குடும்பமாக வரும் மற்ற நோய்களும் அதே வழியில் வரும் என்று நம்பியது இயல்புதான். 2014இல் ஆமிஷ் குடும்பங்களின் முழு மரபணுத்தொகுதியையும் எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்தபோதும் தனித்து நிற்கும் காரணம் ஒன்று அகப்படவில்லை. இவ்வளவு நெருங்கிய உறவுக்காரர்களிடையே கூட நோய்க்குப் பல பாதைகள் இருந்தன.

ஒரே காரணத்தை எதிர்பார்த்தவர்கள் 1987க்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே ஏமாந்திருந்தார்கள். அதைச் சொல்லாமல் இந்த வரலாற்றைக் கடக்கக் கூடாது. ஜெர்மனியின் மியூனிக் நகரில் மனநல ஆராய்ச்சி நிறுவனத்தின் வம்சாவளிப் பிரிவை நடத்தியவர் எர்ன்ஸ்ட் ரூடின். 1920களின் தொடக்கத்தில் அவர் இருமுனைக் கோளாறு உள்ளவர்களின் குடும்பத் தகவலைப் பெருமளவில் திரட்டினார். மெண்டலின் பட்டாணிச் செடிகளில் வந்ததுபோல் எளிய விகிதம் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. கைப்பிரதி அச்சேறாமலேயே கிடந்தது. 2015இல்தான் ஆய்வாளர்கள் அதை ஆராய்ந்து, ரூடினுக்குத் தன் எண்களே தன் கொள்கையைத் தாங்கவில்லை என்பது தெரிந்திருந்ததை எடுத்துக்காட்டினார்கள்.

தெரிந்திருந்தும் அவர் கொள்கையைக் கைவிடவில்லை. 1933 ஜூலையில் ஹிட்லர் அரசு கொண்டுவந்த கட்டாயக் கருத்தடைச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் இருமுனைக் கோளாறும் இடம்பெற்றது. அந்தச் சட்டத்துக்கு அதிகாரபூர்வ விளக்கவுரை எழுதியவர்களில் ரூடின் ஒருவர். சுமார் 4 லட்சம் பேர் பலவந்தமாகக் கருத்தடை செய்யப்பட்டார்கள். பின்னர் மனநல விடுதிகளில் இருந்தவர்களைக் கொல்லவும் தொடங்கினார்கள். மரபணுவைப் பற்றிய ஓர் அரைகுறை நம்பிக்கை சட்டமானால் என்ன நடக்கும் என்பதற்கு மனித குலத்திடம் இருக்கும் சாட்சி இது. இந்தத் துறையில் எண்களைக் கையாளும் எவருக்கும் இது மறக்கக் கூடாத பாடம்.

அப்படியானால் நோய் பரம்பரையாக வருகிறது என்பதே பொய்யா? இல்லை. அதற்கான ஆதாரம் இரட்டையரிடம் இருக்கிறது. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையருக்கு மரபணு ஏறக்குறைய முழுக்க ஒன்று. இரு கருக்களிலிருந்து பிறந்தவர்கள் சாதாரண அண்ணன் தம்பி, அக்கா தங்கை போலத்தான். பிரிட்டனில் 2003இல் வெளியான ஆய்வில், ஒரு கரு இரட்டையரில் ஒருவருக்கு இருமுனைக் கோளாறு இருந்தால் மற்றவருக்கும் இருந்தது 40 சதவீதம். இரு கரு இரட்டையரில் 5 சதவீதம். இந்த வேறுபாட்டை வைத்து நோயின் மரபுப் பங்கு 85 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். ஸ்வீடன் நாட்டுப் பதிவேடுகளிலிருந்து 20 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை எடுத்து 2009இல் கணக்கிட்டபோது அது 59 சதவீதம்.

இந்த 85 என்ற எண் வீட்டுக்கு வீடு தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. அப்பாவுக்கு நோய் இருந்தால் பிள்ளைக்கு வர 85 சதவீத வாய்ப்பு என்று எடுத்துக்கொள்பவர்கள் படித்தவர்களிடையேயும் உண்டு. அது அப்படியல்ல. ஒரு மக்கள்தொகையில் சிலருக்கு நோய் வந்து சிலருக்கு வராமல் போவதில் உள்ள வேறுபாட்டில் எவ்வளவு பகுதியை மரபணு விளக்குகிறது என்பதற்கான அளவு அது. தனி ஒருவரின் தலையெழுத்துக்கு அதில் இடமில்லை. குடும்பம் கேட்க விரும்பும் கேள்விக்கான விடை டென்மார்க்கின் பதிவேடுகளில் இருக்கிறது. 26 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை அவர்களின் பெற்றோரோடு சேர்த்துப் பார்த்த 2010ஆம் ஆண்டு ஆய்வில், தாய் தந்தை இருவருக்கும் இருமுனைக் கோளாறு இருந்தால் பிள்ளைக்கு 52 வயதுக்குள் அதே நோயோடு மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு ஏறத்தாழ 25 சதவீதம். ஒருவருக்கு மட்டும் இருந்தால் 4.4 சதவீதம். இருவருக்கும் இல்லையென்றால் அரை சதவீதம். பொதுவாக மருத்துவர்கள், மருத்துவமனைக்கு வராதவர்களையும் சேர்த்து, பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் 5 முதல் 10 சதவீதம் என்று சொல்வார்கள். மற்றவர்களோடு ஒப்பிட்டால் இது பல மடங்கு. ஆனாலும் நூற்றுக்குத் தொண்ணூறு பிள்ளைகளுக்கு அந்த நோய் வருவதில்லை.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் கே ரெட்ஃபீல்டு ஜேமிசனுக்கே இருமுனைக் கோளாறு உண்டு. 1995இல் அவர் வெளியிட்ட நினைவு நூலில், ஒரு மருத்துவர் தன்னிடம் நீங்கள் பிள்ளை பெற்றுக்கொள்ளக் கூடாது என்று சொன்னதை எழுதியிருக்கிறார். மருத்துவர் வாயிலிருந்தே அந்த வார்த்தை வந்தது அவரை எவ்வளவு உலுக்கியது என்பதை அந்தப் பக்கங்கள் காட்டுகின்றன. நம் ஊரில் அதே வார்த்தையை மாமியார் சொல்வார், அல்லது பெண் பார்க்க வந்தவர்கள் சொல்லாமலே திரும்பிப் போவார்கள். எண்ணைத் தெரிந்துகொண்டால் பயம் தீர்ந்துவிடும் என்பதில்லை. ஆனால் முடிவெடுக்கும் இடத்தில் வதந்திக்குப் பதிலாக எண் இருப்பது பெரிய வேறுபாடு.

இனி, அந்த மரபணுக்கள் எங்கே? 2007இலிருந்து வேறொரு வழி திறந்தது. மனித மரபணுத்தொகுதி 300 கோடி எழுத்துகள் கொண்டது. ஒருவருக்கும் இன்னொருவருக்கும் பல லட்சம் இடங்களில் ஓர் எழுத்து மாறியிருக்கும். நோயுள்ள சில ஆயிரம் பேரையும் இல்லாத சில ஆயிரம் பேரையும் எடுத்து, அந்த இடங்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, எந்த எழுத்து நோயாளிகளிடம் சற்றே மிகுந்து வருகிறது என்று பார்ப்பதுதான் புதிய முறை. இத்தனை இடங்களில் தேடினால் தற்செயலாகவே எத்தனையோ போலி விடைகள் வந்து விழும். அதனால் 10 கோடியில் 5 என்ற அளவுக்கும் குறைவான தற்செயல் வாய்ப்புள்ளதையே ஏற்பது என்று கறாராக வைத்துக்கொண்டார்கள். 1987இன் ஏமாற்றம் கற்றுக்கொடுத்த ஒழுங்கு இது.

முதல் முயற்சிகளில் ஏறக்குறைய எதுவும் கிடைக்கவில்லை. 2008இல் 4,387 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வில் இரண்டு மரபணுக்கள் தலைகாட்டின. ஒன்று ஏஎன்கே3; நரம்புச் செல்லின் நீண்ட இழை தொடங்கும் இடத்தில், மின்துடிப்பு கிளம்புவதற்கான வாயில்களை நிலைநிறுத்தும் புரதத்தை அது தருகிறது. இன்னொன்று சிஏசிஎன்ஏ1சி. செல்லுக்குள் கால்சியத்தை விடும் வாயிலின் முக்கியப் பகுதியை உண்டாக்கும் மரபணு அது. இரத்த அழுத்தத்துக்கு லட்சக்கணக்கானோர் தினமும் போடும் அம்லோடிபின் மாத்திரை இரத்தக் குழாய்ச் சுவரில் வேலை செய்வது இந்த வாயிலில்தான். இதயத்துக்கும் மூளைக்கும் வாயில் ஒன்றே. இந்தப் பொருத்தத்தைக் கண்டு, அழுத்த மாத்திரையையே மனநிலைக்கும் கொடுத்துப் பார்க்கலாமே என்று தோன்றுவது சரிதான். அதே குடும்பத்தைச் சேர்ந்த வெராபமில் மருந்தை மேனியாவுக்குக் கொடுத்துச் சோதித்தது மரபணு முடிவு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே நடந்தது. உறுதியான பலன் தெரியவில்லை. ஸ்வீடன் பதிவேடுகளை வைத்து 2019இல் வந்த ஆய்வு ஒன்று, மனநோயாளிகள் இவ்வகை மருந்துகளை எடுத்த காலங்களில் மனநல மருத்துவமனையில் சேர்வது குறைந்திருந்ததாகக் காட்டியது. கேள்வி இன்னும் மூடப்படவில்லை.

ஒவ்வொரு எழுத்து மாற்றத்தின் பங்கும் மிகச் சிறியது என்பதுதான் இந்த ஆய்வுகளின் மையச் செய்தி. சிஏசிஎன்ஏ1சி மரபணுவின் அந்த எழுத்து மாறியிருந்தால் நோய் வரும் வாய்ப்பு பத்து இருபது சதவீதம்தான் கூடுகிறது. அதாவது நூற்றுக்கு ஒருவர் என்றிருப்பது ஒன்றேகால்கூட ஆவதில்லை. அதே எழுத்தோடு ஆரோக்கியமாக வாழ்பவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். பெருமழையில் குளம் நிரம்பிய பிறகு எந்தத் துளியால் நிரம்பியது என்று கேட்பதைப் போன்றது எந்த மரபணுவால் நோய் வந்தது என்ற கேள்வி.

துளிகளை எண்ணுவதற்குக் கூட்டம் வேண்டும். உலகெங்கும் உள்ள மனநல மரபியலாளர்கள் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்து மாதிரிகளைப் பகிர்ந்துகொண்டார்கள். 2019இல் 30 இடங்கள் தெரிந்தன. 2021இல் 41,917 நோயாளிகளை வைத்து 64 இடங்கள். 2025 ஜனவரியில் நேச்சரில் வெளியான ஆய்வில் நோயாளிகள் மட்டும் 1,58,036 பேர், ஒப்பிடுவதற்கு 28 லட்சம் பேர், இடங்கள் 298. அவற்றிலிருந்து காரணமாக இருக்கக்கூடிய 36 மரபணுக்களை ஓரளவு உறுதியாகச் சுட்டிக்காட்டினார்கள். பெரும்பாலும் மூளைச் செல்களில், குறிப்பாக நரம்புகள் ஒன்றோடொன்று பேசும் இணைப்புகளில் வேலை செய்பவை. குடல், கணையச் செல்களின் பக்கமும் சில தடயங்கள் போயின. அது ஏன் என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

எண்ணிக்கை பெருகப் பெருக இன்னொரு சுவர் இடிந்தது. 1899இல் எமில் கிரேப்பலின் மனநோய்களை இரண்டாகப் பிரித்து, பித்து, சோர்வு என்று மாறி மாறி வருவதை ஒரு பக்கமும், இன்று ஸ்கிசோஃப்ரினியா என்று அழைப்பதை மறுபக்கமும் வைத்தார். மனநல மருத்துவப் பாடமே அந்தக் கோட்டின் மேல் எழுந்தது. இப்போது பார்த்தால் இரண்டு நோய்களின் பொதுவான மரபணுத் தாக்கங்களும் பெருமளவு ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன; மரபணு ஒற்றுமை அளவு 1 என்றால் முழுக்க ஒன்று, இங்கே அது 0.7 அளவில் இருக்கிறது. அதிலும் முழு மேனியா வரும் முதல் வகை ஸ்கிசோஃப்ரினியாவுக்கு அருகில் நிற்கிறது. மிதமான எழுச்சியும் கடும் சோர்வுமாக வரும் இரண்டாம் வகை மனச்சோர்வு நோயின் பக்கம் சாய்கிறது. ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒரு நோய்ப்பெயர், தங்கைக்கு வேறு நோய்ப்பெயர் என்று மருத்துவச் சீட்டு வாங்கிக் குழம்பும் குடும்பங்களுக்கு இதில் ஒரு விளக்கம் கிடைக்கிறது.

சிறு துளிகளுக்கு நடுவே அபூர்வமாகப் பெரிய துளிகளும் உண்டு. 2022இல், 13,933 நோயாளிகளின் மரபணுக்களில் புரதம் தயாரிக்கும் பகுதியை மட்டும் படித்த ஆய்வு ஏகேஏபி11 என்ற மரபணுவைச் சுட்டிக்காட்டியது. அதை உடைக்கும் மாற்றம் மிகச் சிலரிடமே இருக்கிறது. இருப்பவர்களுக்கு அபாயம் பல மடங்கு. இதில் ஆய்வாளர்களை நிமிர்ந்து உட்காரவைத்தது வேறொன்று. ஏகேஏபி11 தரும் புரதம் ஜிஎஸ்கே3 பீட்டா என்ற நொதியோடு பிணைகிறது. அந்த நொதியைத்தான் லித்தியம் அடக்குகிறது என்று 1990களிலிருந்தே சொல்லப்பட்டுவந்தது. நோயின் பக்கத்திலிருந்து தோண்டியவர்களும் மருந்தின் பக்கத்திலிருந்து தோண்டியவர்களும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

லித்தியத்தின் வரலாறு மரபணுவை அறியாத காலத்தில் தொடங்கியது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகருக்கு வெளியே ஒரு மனநல மருத்துவமனையில் ஜான் கேட் என்ற மருத்துவர், மேனியாவுக்குக் காரணம் உடம்பில் ஊறும் ஒரு நஞ்சு என்று நினைத்தார். நோயாளிகளின் சிறுநீரைக் கினிப் பன்றிகளுக்கு ஊசியில் ஏற்றினார். சிறுநீரிலுள்ள யூரிக் அமிலத்தையும் சோதிக்க விரும்பினார்; அது நீரில் சரியாகக் கரையாததால் அதன் லித்தியம் உப்பைப் பயன்படுத்தினார். விலங்குகள் அமைதியாகிப் படுத்துக்கொண்டன. தானே விழுங்கிப் பார்த்துவிட்டு, மேனியாவில் இருந்த 10 பேருக்குக் கொடுத்தார். 1949 செப்டம்பரில் கட்டுரை வந்தது. டென்மார்க்கில் மோகன்ஸ் ஸ்கௌ அதை முறையான சோதனைக்கு உட்படுத்தினார். அவருடைய சொந்தச் சகோதரரே பின்னாளில் லித்தியத்தால் நிமிர்ந்தவர். கேட் கொண்ட கருதுகோள் தவறு, கிடைத்த மருந்து சரி. எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் இருமுனைக் கோளாறுக்கு இதைவிடச் சிறந்த தடுப்பு மருந்து வரவில்லை.

ஆனால் எல்லோருக்கும் அது கேட்பதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத்தான் மிக நல்ல பலன். கேட்குமா என்று தெரிந்துகொள்ளவே மாதக்கணக்கில் மாத்திரை போட்டு, இரத்தத்தில் லித்தியம் அளவைத் திரும்பத் திரும்பச் சோதித்து, சிறுநீரகத்தையும் தைராய்டையும் கண்காணித்துக் காத்திருக்க வேண்டும். கலிஃபோர்னியாவின் சால்க் நிறுவனத்தில் ஃபிரெட் கேஜின் குழு 2015இல் செய்தது இந்த இடத்தில் பெரிய பாய்ச்சல். நோயாளிகளின் தோல் செல்களை முதலில் எதுவாகவும் வளரக்கூடிய ஸ்டெம் செல்லாக மாற்றினார்கள். அதிலிருந்து மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதி நரம்புச் செல்களைத் தட்டில் வளர்த்தார்கள். நோயாளிகளின் நரம்புச் செல்கள் தேவைக்கு மேல் துடித்தன. தட்டில் லித்தியம் விட்டபோது, எந்த நோயாளிகளுக்கு வாழ்க்கையில் லித்தியம் கேட்டதோ அவர்களின் செல்கள் அடங்கின. கேட்காதவர்களின் செல்கள் அடங்கவில்லை. நோயாளிகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே. இருந்தும், மனநோயின் ஒரு பகுதியை உடம்புக்கு வெளியே கண்ணால் பார்க்க முடிந்தது.

லித்தியம் கேட்பதற்கும் மரபணுவுக்கும் தொடர்பு தேடி 2,563 பேரை வைத்துச் செய்த பன்னாட்டு ஆய்வு 2016இல் 21ஆம் குரோமோசோமில் ஓர் இடத்தைக் காட்டியது. ஸ்கிசோஃப்ரினியாவுக்கான மரபணுச் சுமை குறைவாக உள்ளவர்களுக்கு லித்தியம் நன்றாகக் கேட்கிறது என்று 2018இல் தெரியவந்தது. இவை எவையும் மருத்துவரின் மேசைக்கு இன்னும் வரவில்லை.

வராததற்குக் காரணம் எளியது. இதுவரை கண்ட துளிகள் அனைத்தையும் கூட்டி ஒருவருக்கு அபாய மதிப்பெண் போட்டால், நோய் யாருக்கு வருகிறது என்பதில் உள்ள வேறுபாட்டில் அது விளக்குவது ஒரு சிறு பகுதியையே. உனக்கு வரும், உனக்கு வராது என்று யாரிடமும் சொல்ல அது போதாது. இந்த நிலையில், அமெரிக்காவில் சில நிறுவனங்கள் செயற்கைக் கருத்தரிப்பில் உருவான கருக்களை மனநோய் அபாய மதிப்பெண் போட்டுத் தரம் பிரித்துத் தருவதாகக் காசு வாங்குகின்றன. அறிவியல் தராத உறுதியை விற்பது இது; எந்தச் சட்டம் அனுமதித்தாலும் பொறுப்பான செயல் ஆகாது.

இந்தியாவில் இந்த மதிப்பெண் இன்னும் மோசமாகத் தடுமாறும். இதுவரை கூடிய மாதிரிகளில் ஐரோப்பிய வம்சாவளியினரே மிகப் பெரும்பான்மை. 2025ஆம் ஆண்டு ஆய்வில் கிழக்காசியர், ஆப்பிரிக்க அமெரிக்கர், லத்தீன் அமெரிக்கர் சேர்க்கப்பட்டார்கள். கிழக்காசியரிடம் மட்டும் காணப்படும் ஓர் இடமும் கிடைத்தது. தெற்காசியர் தனிப் பிரிவாக அதில் இல்லை. 2017 நிலவரப்படி இந்தியாவில் இருமுனைக் கோளாறு உள்ளவர்கள் 76 லட்சம் என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது. அவர்களில் பத்தில் ஏழு பேருக்குச் சிகிச்சை எட்டவில்லை என்று தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் 2015–16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு சொன்னது. இவ்வளவு பேர் இருக்கும் நாடு ஆய்வுக்கு வெளியே நிற்பது அநியாயம்.

உள்ளூரில் தேடினால் என்ன கிடைக்கும் என்பதற்குச் சென்னை ஓர் எடுத்துக்காட்டு தந்திருக்கிறது. ஸ்கார்ஃப் என்ற மனநல ஆய்வு நிறுவனமும் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து ஆய்வாளர்களும் சேர்ந்து, ஸ்கிசோஃப்ரினியாவைப் பற்றித் தென்னிந்தியர் சுமார் மூவாயிரம் பேரை வைத்து நடத்திய ஆய்வு 2019இல் வெளியானது. 8ஆம் குரோமோசோமில் ஓர் இடத்தையும், நியாசின் என்ற வைட்டமினைச் செல் பயன்படுத்தும் வழியோடு தொடர்புள்ள ஒரு மரபணுவையும் அது சுட்டியது. ஐரோப்பிய ஆய்வுகளோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய எண்ணிக்கை. அப்படியும் புதிய திசை ஒன்று கிடைத்தது.

பெங்களூரு நிம்ஹான்ஸ், அங்குள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையம், ஸ்டெம் செல் ஆய்வு நிறுவனமான இன்ஸ்டெம் ஆகிய மூன்றும் சேர்ந்து இருமுனைக் கோளாறு உள்ளிட்ட ஐந்து மூளை நோய்களுக்குக் குடும்பம் குடும்பமாக ஆள் சேர்த்துவருகின்றன. நெருங்கிய உறவில் குறைந்தது இருவராவது நோயுற்ற குடும்பங்கள் அவை. நோயுற்றவர் வருவார், நோயில்லாத உடன்பிறந்தவரும் வருவார். இரத்தம் எடுக்கிறார்கள், அதிலிருந்து ஸ்டெம் செல்லும் நரம்புச் செல்லும் வளர்க்கிறார்கள். நினைவாற்றல் சோதனை, கண் அசைவுப் பதிவு, மூளை ஸ்கேன் என்று தொடர்கிறது. பல ஆண்டுகளுக்கு அவர்களைத் திரும்பத் திரும்ப அழைத்துப் பார்ப்பது திட்டம். ஒரே வீட்டில் ஒருவர் விழுந்து இன்னொருவர் தப்பியது எப்படி என்று அறிய இதுவே ஏற்ற வழி. தப்பியவரின் உடம்பிலும் கற்றுக்கொள்ள எவ்வளவோ இருக்கிறது.

மரபணுச் சோதனை வரும்வரை மருத்துவரின் கையில் எதுவும் இல்லை என்று நினைக்க வேண்டியதில்லை. குடும்ப வரலாறு இன்றைக்கே பயன்படும் மரபணுத் தகவல். லித்தியம் கேட்பது குடும்பங்களில் சேர்ந்தே வருகிறது என்று பல ஆண்டுகளாகத் தெரியும். ஆகவே சித்தப்பாவுக்கு எந்த மருந்து பலித்தது என்ற செய்தி மருந்துச் சீட்டு எழுதும்போது உதவும். வெறும் மனச்சோர்வு என்று வரும் இளைஞரின் அம்மாவுக்கு மேனியா வந்திருந்தால், சோர்வுக்கான மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாமல் மருத்துவர் எச்சரிக்கையாக இருப்பார். இருமுனைக் கோளாறு உள்ள பெண்களில் ஐந்தில் ஒருவருக்குப் பிரசவத்தை ஒட்டிக் கடுமையான நோய்த் தாக்கம் வருகிறது. அது தெரிந்த வீட்டில் பிள்ளை பிறந்த முதல் வாரங்களில் தாய்க்கு இரவுத் தூக்கம் கிடைக்க ஏற்பாடு செய்யலாம், மனநல மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். இதற்கெல்லாம் வேண்டியது, பாட்டிக்கும் பெரியப்பாவுக்கும் என்ன நடந்தது என்பதை வீட்டார் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்வது.